ஒமெப்பிரசோலை நிறுத்தினேன், வலிக் குளிசையை நிறுத்தவில்லை

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 58. புறக்கோட்டையில் மொத்த வியாபார நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதுகிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்துகளையும் அவை தொடங்கிய, நின்ற காலங்களையும் மட்டும் அவர் எழுதியபடியே விட்டிருக்கிறேன். இந்தக் கதையின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. மெட்ஃபோர்மின், இரத்த அழுத்தத்துக்கு லோசார்ட்டன், இவற்றோடு 75 மில்லிகிராம் அஸ்பிரின் எடுக்கிறார். மாரடைப்பு வந்ததில்லை, “சீனி வருத்தம் இருப்பதால் இதயத்துக்குப் பாதுகாப்பாக” என்று சொல்லி ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கொடுத்த அஸ்பிரின் அது. ஆறு ஆண்டுகளுக்கு முன் நெஞ்செரிவு வந்தபோது ஒரு வைத்தியர் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோலை, 20 மில்லிகிராம், ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்துபோன அதே துண்டைக் காட்டி இவர் ஆறு ஆண்டுகளாக அதை வாங்கிக்கொண்டிருக்கிறார். மூன்று ஆண்டுகளாக முழங்கால் வலி. அதற்கு டைக்குளோஃபெனாக் 50 மில்லிகிராம், காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின். வலி கடுமையான நாட்களில் மலவாசலில் வைக்கும் மருந்து.

மார்கழிக் கடைசியில் ஒருவர் கைபேசியில் ஒரு காணொளியை அனுப்பினார். ஒமெப்பிரசோல் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஞாபகத்தை அழிக்கும் என்று அதில் சொல்லப்பட்டது. அன்றிரவே நிறுத்திவிட்டார். நான்காம் நாள் நெஞ்சில் நெருப்பு வைத்ததுபோல் எரிந்தது. பால் குடித்தார், ஈனோ குடித்தார், கனடாவிலிருந்து மகள் அனுப்பிய ஊதா நிறக் குளிசையை இரண்டு நாட்கள் போட்டுப் பார்த்தார், பிறகு அதுவும் அதே குடும்பம் என்று யாரோ சொல்லப் பயந்து வைத்துவிட்டார். மாசி பிறப்பதற்குச் சற்று முன், களைப்பாக இருக்கிறதென்று இரத்தம் சோதித்தார். ஹீமோகுளோபின் 9.8. இரும்புச்சத்துக் குளிசை தொடங்கினார்.

அவர் கேட்பவை: ஒமெப்பிரசோலுக்கு அடிமையாகிவிட்டேனா? அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு வகை மருந்தான ஃபமோட்டிடினுக்கு மாறலாமா, அதிலும் புற்றுநோய்ப் பயம் இருக்கிறதா? எண்டொஸ்கோப்பி (வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்யாமல் சமாளிக்க முடியாதா? முப்பது ஆண்டுகளாகப் பிடிக்கும் சிவராத்திரி விரதத்தை இம்முறையும் பிடிக்கலாமா?

கையெழுத்துக்குக் கீழே, பேனை மாற்றி, ஒரு வரி: “எழுத மறந்துவிட்டேன். தைப்பொங்கல் கிழமையில் இரண்டு நாள் மலம் கறுப்பாகப் போனது. இரும்புக் குளிசை போட்டால் அப்படித்தான் போகும் என்று மனைவி சொல்கிறார்.”

அன்பான ஐயா,

உங்கள் கடிதத்தை அந்தக் கடைசி வரியிலிருந்துதான் படிக்க வேண்டும். இந்தப் பதில் அச்சேற நாளெடுக்கும் என்பதால், நீங்கள் தந்திருந்த இலக்கத்துக்கு உடனே அழைத்து, இன்றே வைத்தியசாலைக்குப் போங்கள் என்று சொன்னேன். போவதாகச் சொன்னீர்கள். மற்றவற்றை ஆறுதலாக இங்கே எழுதுகிறேன், உங்கள் நிலையில் இருந்தும் கடிதம் எழுதாதவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதற்காகவும்.

உங்கள் மனைவி சொன்னது பாதி உண்மை. இரும்புக் குளிசை மலத்தைக் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ ஆக்கும். ஆனால் உங்கள் கடிதத்திலேயே நாட்களை எண்ணிப் பாருங்கள். கறுப்பாகப் போனது பொங்கல் கிழமையில். இரும்பு தொடங்கியது அதற்கும் இரண்டு கிழமைகள் கழித்து. அப்போது இன்னும் தொடங்காத ஒன்று, நடந்ததற்குக் காரணமாக முடியாது. தொலைபேசியில் நான் கேட்டபோது, மலம் தார் மாதிரி ஒட்டியது, தண்ணீர் ஊற்றியும் போகவில்லை, வழக்கமில்லாத ஒரு கெட்ட நாற்றம் இருந்தது என்றீர்கள். இரும்பினால் கறுக்கும் மலம் அப்படி ஒட்டாது, அப்படி நாறவும் நாறாது. இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிந்த இரத்தம் குடல் முழுவதும் பயணம் செய்து, செரித்து, வெளியே வரும்போதுதான் அந்த நிறமும் மணமும் வரும். 50 முதல் 100 மில்லிலீற்றர் இரத்தம், அதாவது அரைக் கோப்பைத் தேநீர் அளவு, மலத்தைத் தாராக்கப் போதும்.

ஆணுக்கு ஹீமோகுளோபின் 13க்குக் குறைந்தாலே சோகை என்கிறோம். 58 வயது ஆணுக்கு 9.8 என்றால், கீரை போதவில்லை என்று கடந்துபோகக் கூடாது. இரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இரும்புக் குளிசை கொடுத்தவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. ஆனால் ஓட்டைத் தொட்டிக்கு நீர் நிரப்பும் வேலை அது. ஓட்டையைத் தேடியாக வேண்டும்.

எந்த மருந்துக்குப் பயந்திருக்க வேண்டும்

இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் பயந்து தூக்கி எறிந்தது உங்களைக் காத்துக்கொண்டிருந்த மருந்தை. நம்பி வைத்துக்கொண்டது உங்களைக் காயப்படுத்திய மருந்தை.

நம் இரைப்பை தினமும் சுரக்கும் அமிலம் இறைச்சியைக் கரைக்கக் கூடியது. அது தன் சுவரைத் தானே கரைக்காமல் இருப்பதற்குக் காரணம் சுவரின் மேல் இருக்கும் சளிப் படலமும், அதற்குள் சுரக்கும் காரத்தன்மையுள்ள நீரும், அடியில் ஓடும் நல்ல இரத்த ஓட்டமும். இந்த மூன்றையும் பேணுவது புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள். டைக்குளோஃபெனாக், இபுபுரோஃபென், அஸ்பிரின் எல்லாம் அந்தப் பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. முழங்காலில் அது குறைந்தால் வலி குறைகிறது. இரைப்பையில் அது குறைந்தால் வேலி சாய்கிறது.

“சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன்” என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டோடு போட்டால் எரிவு குறையும், அவ்வளவுதான். புண் வருவதை அது தடுக்காது. மலவாசலில் வைக்கும் மருந்து வயிற்றுக்குப் போகாது என்பது கொழும்பில் படித்தவர்களும் என்னிடம் சொல்லும் நம்பிக்கை. அந்த மருந்தும் இரத்தத்தில் கலந்துதான் முழங்காலுக்கு வருகிறது, அதே இரத்தம்தான் இரைப்பைக்கும் போகிறது. ஊசியாகப் போட்டாலும் கதை இதேதான். தோலில் தடவும் ஜெல் மட்டும் ஓரளவு வேறு. அதில் இரத்தத்துக்குப் போகும் அளவு மிகக் குறைவு.

டைக்குளோஃபெனாக்கோடு அஸ்பிரினும் சேரும்போது ஆபத்துக் கூடுகிறது. அறுபதை நெருங்கும் வயதும் அதைக் கூட்டுகிறது. மூன்று ஆண்டுகளாக இந்த இரண்டையும் உங்கள் இரைப்பை தாங்கியதற்கு ஒமெப்பிரசோல் பெரிய காரணமாக இருந்திருக்கலாம். மார்கழியில் அதை நிறுத்திவிட்டீர்கள், மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. பொங்கலுக்குள் கறுப்பு மலம்.

இன்னொன்று. சிறுநீரகத்துக்காகத்தான் ஒமெப்பிரசோலை விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீரிழிவுள்ள ஒருவர் லோசார்ட்டனோடு டைக்குளோஃபெனாக்கைத் தினமும் எடுத்தால் சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தம் குறைகிறது. உங்கள் சிறுநீரகத்தைப் பற்றி நான் கவலைப்பட்டால் முதலில் நிறுத்தச் சொல்வது அந்த வலிக் குளிசையைத்தான். இரத்தத்தில் கிரியாட்டினினையும் சிறுநீரில் அல்புமினையும் இந்த முறை கட்டாயம் பாருங்கள்.

டைக்குளோஃபெனாக்கை இன்றோடு நிறுத்துங்கள், குளிசையையும் மலவாசலில் வைப்பதையும். வலிக்கு 500 மில்லிகிராம் பனடோல் ஒரு நேரத்தில் இரண்டு வரை எடுக்கலாம். 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் நோய் இருந்தாலோ தினமும் மது குடித்தாலோ இன்னும் குறைய வேண்டும். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவில் கற்றுக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்கு இதைவிட நீண்டகாலப் பயன் தரும் குளிசையை நான் கண்டதில்லை. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலித் தூள்களையும் வாங்காதீர்கள். அத்தகைய தூள்களில் ஸ்டீராய்டும் வலிநிவாரணியும் கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

அஸ்பிரின் விஷயத்தில் மட்டும் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். மாரடைப்போ பக்கவாதமோ வராத ஒருவருக்கு, இரத்தக் கசிவு நடந்த பிறகு, அஸ்பிரினால் கிடைக்கும் நன்மையைவிடத் தீமை கூடுதலாக இருக்கும் என்பது என் கருத்து. உங்களைப் பார்க்கும் வைத்தியரிடம் “எனக்கு இது இன்னும் தேவையா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள் இந்தப் பத்தியைப் பார்த்து அஸ்பிரினை நிறுத்தக் கூடாது. அது உயிராபத்து.

அடிமைத்தனம் என்று நீங்கள் நினைப்பது

இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் உள்ளன. ஒமெப்பிரசோல் அந்தப் பம்புகளை அடைக்கிறது. மாதக்கணக்கில் அடைத்து வைத்தால், அமிலம் போதவில்லை என்று உடல் நினைத்துக் காஸ்ட்ரின் என்ற ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அமிலம் சுரக்கும் உயிரணுக்கள் உசுப்பேறி நிற்கின்றன. திடீரென்று மருந்தை நிறுத்தும்போது அவை எல்லாம் ஒரே நேரத்தில் வேலைக்கு இறங்குகின்றன. நான்காம் நாள் நீங்கள் உணர்ந்த எரிவில் ஒரு பங்கு இதுதான். 2009இல் டென்மார்க்கில் வயிற்று நோயே இல்லாத 120 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு எட்டுக் கிழமை இந்த வகை மருந்தைக் கொடுத்து நிறுத்தினார்கள். முன்பு நெஞ்செரிவே அறியாத பலருக்கு, நிறுத்திய பிறகு எரிவு வந்தது. இதற்குப் பெயர் மீளெழுச்சி. சில கிழமைகளில் அடங்கும். உங்கள் மன உறுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள்.

காணொளியில் சொன்னவற்றை அப்படியே தள்ளிவிடவும் நான் தயாரில்லை. ஒமெப்பிரசோல் வகை மருந்துகள் அரிதாகச் சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும், அது உண்மை. நீண்டகாலம் எடுத்தால் இரத்தத்தில் மக்னீசியமும் பி12 விட்டமினும் குறையலாம். குடல் தொற்றுகள் சற்றுக் கூடலாம். ஞாபக மறதியைப் பொறுத்தவரை, இந்த மருந்து எடுத்தவர்களிடையே அது கூடுதலாக இருந்ததாகச் சில கணக்கெடுப்புகள் காட்டின, வேறு சில காட்டவில்லை. வயதும் நோயும் கூடியவர்கள்தான் இந்த மருந்தைக் கூடுதலாக எடுக்கிறார்கள் என்பதால், கணக்கெடுப்பை மட்டும் வைத்து மருந்தைக் குற்றஞ்சாட்ட முடியாது. 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு எனக்கு நம்பிக்கை தருகிறது. இதய, இரத்தக்குழாய் நோயுள்ள 17,000க்கும் மேற்பட்டவர்களுக்குச் சீட்டுக் குலுக்கியதுபோல் சிலருக்கு ஒமெப்பிரசோல் வகையைச் சேர்ந்த பாண்டொப்பிரசோலும் சிலருக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். குடல் தொற்று மட்டும் சற்றுக் கூடியது. சிறுநீரகம், எலும்பு, ஞாபகம் எதிலும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

உங்களுக்கு முக்கியமானது பி12. மெட்ஃபோர்மினும் அதைக் குறைக்கும், ஒமெப்பிரசோலும் குறைக்கும். இரண்டாம் பக்கத்தில், “செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாத அளவுக்குக் கால்விரல்கள் விறைக்கின்றன, சீனியினால்தான்” என்று எழுதியிருந்தீர்கள். சீனியாக இருக்கலாம். ஆனால் பி12 பார்க்காமல் சீனிமேல் பழி போடக் கூடாது. பி12 குறைவென்றால் அதற்கு மருந்து இருக்கிறது.

எண்டொஸ்கோப்பி

தவிர்க்க முடியாது, ஐயா. வயது 55ஐத் தாண்டியிருக்கிறது, இரத்தம் குறைந்திருக்கிறது, கறுப்பு மலம் போயிருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே பார்க்கச் சொல்வேன். உங்களுக்கு மூன்றும் இருக்கின்றன.

குழாய் உள்ளே போனால் புண் கிழியும், புற்றுநோயாக இருந்தால் பரவிவிடும் என்று பயப்படுகிறீர்கள். துண்டெடுத்துப் பார்ப்பதால் இரைப்பைப் புற்றுநோய் பரவுவதில்லை. பார்க்காமல் விட்டால்தான் அது தன் வழிக்குப் பரவும். நடப்பது இதுதான்: முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வெறும் வயிறு. தொண்டை மரத்துப்போக ஒரு கசப்பான தெளிப்பு மருந்து அடிப்பார்கள். எச்சில் விழுங்குவதே தெரியாமல் போகும், அந்த உணர்வுதான் பலருக்குப் பயத்தைத் தருகிறது. இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும். பல்லுக்கிடையில் ஒரு வளையம். சுண்டுவிரல் தடிப்புள்ள குழாய். ஓங்காளம் வரும், அந்த நேரம் மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு இருந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். புண்ணில் இரத்தம் கசிந்தால் அதே குழாயின் வழியாக அங்கேயே அடைக்கலாம். நோயைக் காட்டுவதோடு அங்கேயே மருந்தும் போட்டுவிட்டு வரும் சோதனை இது.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் உங்களுக்குப் பக்கத்தில் களுபோவிலையிலும் அரச செலவில் செய்யலாம். சாதாரண நெஞ்செரிவுக்கு வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும்; இரத்தக் கசிவுள்ளவரை முன்னுக்கு எடுப்பார்கள். அதனால் அங்கே போனதும் “வயிற்றெரிவு” என்று தொடங்காதீர்கள். “கறுப்பு மலம் போனது, ஹீமோகுளோபின் 9.8” என்று தொடங்குங்கள்.

இரைப்பையில் புண் இருந்தால் துண்டெடுத்துப் பார்ப்பார்கள். எட்டுக் கிழமை மருந்துக்குப் பின் ஆறிவிட்டதா என்று இன்னொரு முறை குழாய் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அந்த இரண்டாம் முறையைத் தவறவிடாதீர்கள். ஆறாத புண்ணுக்குள் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம்.

கிருமியையும் தேட வேண்டும்

“பசி கிடந்ததாலும் மிளகாய்த்தூளாலும் வந்தது” என்று உங்கள் மனைவி உங்களைக் கண்டிக்கிறாராம். ஒரு காலத்தில் வைத்தியர்களும் அப்படித்தான் சொன்னோம். 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வாரன், பரி மார்ஷல் என்ற இருவர் இரைப்பைக்குள் வாழும் ஒரு வளைந்த கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்து நிரூபித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி குடற்புண்ணை உண்டாக்கும். நீண்டகாலம் இருந்தால் இரைப்பைப் புற்றுநோய்க்கும் வழி வைக்கும். வலிக் குளிசையும் கிருமியும் சேர்ந்தால் புண் வரும் வாய்ப்பு இன்னும் கூடும். ஆகவே டைக்குளோஃபெனாக்தான் காரணம் என்று தெரிந்த பிறகும் கிருமியைத் தேட வேண்டும்.

எண்டொஸ்கோப்பியில் எடுக்கும் துண்டிலேயே பார்க்கலாம். மூச்சுச் சோதனை, மலச் சோதனை என்றும் உண்டு. ஒமெப்பிரசோல் எடுத்த இரண்டு கிழமைக்குள்ளும், அன்ரிபயோட்டிக் எடுத்த நான்கு கிழமைக்குள்ளும் சோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். இரத்தம் கசியும் நேரத்திலும் அப்படி ஏமாற்றும். முதல் சோதனை “இல்லை” என்றால் பின்னர் இன்னொரு முறை கேட்டு வாங்குங்கள்.

கிருமி இருந்தால், பெரும்பாலும் பதினான்கு நாள் சிகிச்சை. ஒமெப்பிரசோல் போன்ற ஒன்றோடு இரண்டு அல்லது மூன்று மருந்துகள், காலையும் மாலையும் கை நிறைய. வாய் கசக்கும், நாக்கில் இரும்பு நக்கியதுபோல் சுவை வரும், வயிறு இளகும். ஐந்தாம் நாள் “நன்றாக இருக்கிறது” என்று நிறுத்துபவர்களிடம் கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு தங்கிவிடுகிறது. பதினான்கு நாளையும் முடியுங்கள். கொலஸ்ட்ரோல் குளிசை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்; சிகிச்சையில் இருக்கும் கிளாரித்ரோமைசின் சில கொலஸ்ட்ரோல் குளிசைகளோடு சேர்ந்து தசையைக் கெடுக்கும். மெட்ரோனிடசோல் இருந்தால் மதுவைத் தொடக் கூடாது. முடிந்து குறைந்தது நான்கு கிழமை கழித்து, கிருமி போய்விட்டதா என்று மீண்டும் சோதிக்க வேண்டும்.

ஃபமோட்டிடின், ஊதாக் குளிசை, பால், ஈனோ

நீங்கள் கேட்ட புற்றுநோய்ப் பயம் ரனிட்டிடின் என்ற வேறொரு நெஞ்செரிவு மருந்தைப் பற்றியது. அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ. என்ற பொருள் 2019இல் கண்டுபிடிக்கப்பட்டது; 2020 ஏப்ரிலில் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து அகற்றச் சொன்னது. ஃபமோட்டிடின் அதே வகை மருந்தாயினும் அந்தப் பிரச்சினை அதில் இல்லை. நல்ல மருந்துதான். ஆனால் தொடர்ந்து எடுத்தால் சில நாட்களிலேயே வலிமை குறையும், கசிந்த புண்ணை ஆற்ற அது போதாது. சிறுநீரகம் பலவீனமானவருக்கு அளவைக் குறைக்கவும் வேண்டும். உங்களுக்கு இப்போது அது பதிலாகாது.

மகள் அனுப்பிய ஊதாக் குளிசை எசொமெப்பிரசோல். ஒமெப்பிரசோல் மூலக்கூறு வலக்கை இடக்கை போன்ற இரு வடிவங்களின் கலவை. அதில் ஒரு கையை மட்டும் பிரித்தெடுத்தது இது. வேலை ஒன்றே. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம், கடல் கடந்து வந்ததென்று கூடுதல் மதிப்பும் கொடுக்க வேண்டாம். பொதுப்பெயரில் மருந்து வாங்கினால் ஏழையும் வாங்க முடியும் என்று போராடிய பேராசிரியர் சேனக பிபிலேயின் நாடு இது. அவருடைய முயற்சியால் 1971இல் பிறந்ததுதான் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம். அதன் ஒசுசல கடைகளில் ஒமெப்பிரசோல் என்ற பொதுப்பெயரிலேயே கேட்டு வாங்கலாம்.

பால் முதல் அரை மணி நேரம் குளிர்மையாக இருக்கும். அதன் கல்சியமும் புரதமும் பிறகு கூடுதல் அமிலத்தைச் சுரக்க வைக்கும். ஈனோவில் நிறையச் சோடியம். இரத்த அழுத்தமுள்ள நீங்கள் தினமும் குடிக்க வேண்டாம்.

மருந்தகம் கொடுத்த சிறிய கடதாசி உறையைப் பற்றி ஒரு வார்த்தை. உறையில் சிங்களத்தில் எழுதியிருந்தது விளங்காமல் ஒமெப்பிரசோலை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்து வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மருந்து இரத்தத்தில் தங்குவது கொஞ்ச நேரம்தான், பம்புகள் விழிப்பது சாப்பிடும்போது. ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் எடுத்தால்தான் இரண்டும் சந்திக்கும். கூட்டை உடைத்து உள்ளிருக்கும் மணிகளை மெல்லக் கூடாது. ஆறு ஆண்டுகளாக நேரம் தவறிப் போட்டதில் மருந்தின் பயனில் ஒரு பங்கு வீணாகியிருக்கும். அரச வைத்தியசாலையில் தமிழில் எழுதிக் கேட்பது சலுகை கேட்பதாகாது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தனியார் மருந்தகத்தில் அன்பாகக் கேளுங்கள். அங்குள்ளவருக்குத் தமிழில் எழுதத் தெரியாவிட்டால், அவர் வாயால் சொல்ல நீங்களே உறையில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மீண்டும் கறுப்பு மலம், கோப்பித் தூள் போன்ற வாந்தி, எழுந்தால் தலை சுற்றி வியர்த்தல், வயிறு பலகைபோல் இறுகிய வலி. இவற்றில் எதுவானாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்; கட்டணமில்லை. நீரிழிவுள்ளவர்களுக்கு மாரடைப்பும் வெறும் “காஸ்” போலவே வரும். எரிவோடு வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் இறுக்கம் இருந்தால் அன்ராசிட் குடித்துப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பயிற்சி வைத்தியராக இருந்த காலத்தில், மூன்று நாள் “காஸ்ட்ரைட்டிஸ்” மருந்து குடித்துவிட்டு வந்த ஒரு முதியவரின் ஈ.சி.ஜி. தாளை என் கையில் விரித்தது இன்னும் நினைவிருக்கிறது. இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு, மூன்று நாள் பழையது.

புண் ஆறி, கிருமி போய், வலிக் குளிசையும் அஸ்பிரினும் இல்லாத நிலைக்கு நீங்கள் வந்தால், ஒமெப்பிரசோலை விடுவதைப் பற்றி அப்போது பேசலாம். ஒரே இரவில் விடக் கூடாது. நாளுக்கு ஒன்றாக்கி, பின் ஒருநாள் விட்டு ஒருநாள், இடையில் எரிந்தால் அல்ஜினேட் பாணி. அஸ்பிரின் தொடர வேண்டும் என்று முடிவானால், ஒமெப்பிரசோலும் கூடவே தொடர வேண்டும். அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம்.

கடைசியாகச் சிவராத்திரி. முப்பது ஆண்டு விரதம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல் தரையில் விடியும்வரை இருந்தவர். இந்த முறை பட்டினி கிடக்க வேண்டாம். இரத்தம் குறைந்த உடலோடு இரவு முழுவதும் விழித்திருக்கவும் வேண்டாம். வைத்தியசாலையில் தங்க வேண்டியதில்லை என்று விட்டால், மாலை ஆறரைக்கு ஒமெப்பிரசோல், ஏழுக்கு இரண்டு இட்லி, பிறகு முதற்சாமப் பூசைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்து படுங்கள்.